4கே படம் பாதியில் நிற்கிறதா? பிளானை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீட்டு இணைய இணைப்பு 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்). ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று கைப்பேசியில் சோதித்தால் 280 வரை காட்டுகிறது. ஆனால் இரண்டு சுவர் தள்ளி, படுக்கையறை டிவியில் 4கே படம் போட்டால் அடிக்கடி வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கிறது. 500 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாறாதீர்கள், அந்தப் பணம் வீண். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்கு நொடிக்கு 15 மெகாபிட் போதும் என்கிறது. யூடியூப் 20 கேட்கிறது. வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் 4கே பார்த்தாலும் உங்கள் 300-இல் பாதிகூடச் செலவாகாது. வீடுவரை தாராளமாக வரும் வேகம், கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போவதற்குள் கரைந்துவிடுகிறது என்பதே என் சந்தேகம். 500 வாங்கினாலும் அதே சுவர்கள், அதே வைஃபை.

இதை நீங்களே சோதித்துவிடலாம். ரவுட்டர் அருகில் நின்று எடுத்த ஸ்பீடு டெஸ்ட் டிவியின் நிலையைச் சொல்லாது. டிவியில் பிரவுசர் இருந்தால் அதிலேயே ஃபாஸ்ட்.காம் என்ற வேகச் சோதனைத் தளத்தைத் திறந்து, படம் நிற்கும் அதே நேரத்தில் நாலைந்து தடவை பாருங்கள். கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை 60 காட்டியது என்று மகிழ வேண்டாம். நடுநடுவே 5-க்கு இறங்கி அங்கேயே கொஞ்ச நேரம் தங்கினால் படம் நிற்கத்தான் செய்யும்.

அதைவிடத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. நீளமான லேன் கேபிள் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, ரவுட்டரிலிருந்து தரையோடு இழுத்து டிவியில் செருகி ஒரு முழுப் படம் ஓட்டுங்கள். வட்டம் வரவில்லை என்றால் கோளாறு வைஃபையில். அப்போதும் நின்றால் டிவியின் ஆப், அல்லது வெளியிலிருந்து வரும் லைன். எதையும் வாங்கும் முன் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள். புது ரவுட்டர் வாங்கியும் தொல்லை தீராதவர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்தான்.

வைஃபைதான் என்று தெரிந்துவிட்டதா? சரி, செலவில்லாத வேலைகளை முதலில் பார்ப்போம். பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டும். டிவி சத்தமில்லாமல் 2.4-இல் போய் ஒட்டிக்கொள்ளும். அது தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (உட்பிரிவுகள்) அதில் 1, 6, 11 என்று மூன்றுதான்; அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, டிவியை 5-இல் இணைத்துப் பாருங்கள். சுவர் தடிமனாக இருந்தால் 5 வலுவிழக்கும், அதனால் மாற்றியபின் மறுபடி சோதிக்க வேண்டும்.

அடுத்தது ரவுட்டர் இருக்கும் இடம். அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், தரையில் கிடந்தால் எடுத்து உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, மீன்தொட்டி மூன்றும் அலையை நன்றாகவே தடுக்கும். டிவியில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகியிருந்தால் அது டிவியின் முதுகில் மறைந்து கிடக்கும். ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிளால் அதை வெளியே கொண்டுவந்தாலே சில வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடும். பக்கத்தில் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் இருந்தால் தள்ளி வையுங்கள். அது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று 2012-இல் இன்டெல் நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் நிரந்தரமாக வயர் இழுத்துவிடுங்கள். கேட் 5இ வகை லேன் கேபிள் 100 மீட்டர் தூரம்வரை ஜிகாபிட் வேகம் தாங்கும். கேட் 7, கேட் 8 என்று கடையில் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. ஆனால் வீட்டுக் கணினியில் சேமித்து வைத்திருக்கும் 4கே படங்களைப் பிளெக்ஸ் (கணினியில் இருக்கும் படங்களை வீட்டு நெட்வொர்க்கில் டிவிக்கு அனுப்பும் மென்பொருள்) வழியாக டிவியில் பார்த்தால் நிற்கிறது. டிவி வயரில்தான் இணைந்திருக்கிறது. இணையமே தேவைப்படாத இடத்தில் பஃபரிங் ஏன்?

பதில்: இந்தக் கேள்வியில் விஷயம் நிறைய இருக்கிறது. சேவைகள் ஒவ்வொரு படத்தையும் பல தரங்களில் தயாரித்து, சில நொடித் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். வேகம் குறைந்தால் அடுத்த துண்டைக் கொஞ்சம் மங்கலான தரத்தில் அனுப்பிச் சமாளித்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. உங்கள் கோப்புக்கு அந்த வசதி இல்லை. அதில் என்ன இருக்கிறதோ அது அப்படியே, அதே வேகத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த வேகமும் சாதாரணமல்ல. 100 ஜிபி 4கே புளூரே வட்டில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். அப்படிப்பட்ட வட்டின் தரத்தைக் குறைக்காமல் எடுத்த கோப்பும் அதே பசியோடுதான் இருக்கும்.

இப்போது உங்கள் டிவியின் லேன் துளையைப் பாருங்கள். விலை உயர்ந்தவை உட்பட ஏராளமான டிவிகளில் அது 100 மெகாபிட் துளைதான், நடைமுறையில் 95-ஐத் தாண்டாது. பரபரப்பான சண்டைக் காட்சியில் 110 கேட்கும்போது, 95 தரும் வயர் என்ன செய்யும்? நிற்கும். வயரைப் பிடுங்கிவிட்டு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டால் நன்றாக ஓடுவதும் நடக்கும். வயர்தான் எப்போதும் மேல் என்ற பொது விதிக்கு இந்த இடம் விலக்கு. ரவுட்டர் தொலைவில் இருந்தால், ஜிகாபிட் லேன் துளை உள்ள தனி ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை வாங்குவதில் நியாயம் உண்டு. வாங்கும்போது விவரப் பட்டியலில் 'ஜிகாபிட் ஈதர்நெட்' என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 'ஈதர்நெட்' என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாங்கும் முன் இன்னொன்று. படம் ஓடும்போது பிளெக்ஸின் டாஷ்போர்டைத் திறந்து 'டைரக்ட் ப்ளே' என்று வருகிறதா, 'டிரான்ஸ்கோடு' என்று வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வந்தால் உங்கள் கணினி படத்தை ஓட ஓட வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. 4கே-யில் அது பெரும் சுமை, சாதாரணக் கணினி மூச்சுத் திணறும். அப்படியானால் நெட்வொர்க் மீது பழியில்லை. டிவிக்குத் தெரியாத ஒலி வடிவம், டிவிக்குப் புரியாத வீடியோ வடிவம் என்று காரணம் பல. பலரும் கவனிக்காத காரணம் சப்டைட்டில். புளூரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில்கள் எழுத்துகள் அல்ல, படங்கள். அவற்றை நேரடியாகக் காட்டத் தெரியாத டிவிக்காக, பிளெக்ஸ் அவற்றைக் காட்சியின் மேல் பதித்துப் புதிதாக வீடியோ தயாரிக்கும். சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். தொல்லை போய்விட்டால் எழுத்துகளாகவே இருக்கும் எஸ்ஆர்டி வகைச் சப்டைட்டிலுக்கு மாறிக்கொள்ளுங்கள், காசு செலவே இல்லை.

கணினியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளையும் மறக்க வேண்டாம். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் பல நேரங்களில் இணைப்பு அறுபடாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். கணினியின் நெட்வொர்க் விவரத்தில் 'லிங்க் ஸ்பீடு' 1000 காட்டுகிறதா பாருங்கள்.

கேள்வி: மாடியறைக்கு சிக்னல் வரவில்லை. ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கி நீட்டித் தரும் கருவி) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, மெஷ் (பல முனைகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு) வாங்குவதா?

பதில்: சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கைப்பேசியில் செய்தி படிக்கப் போதும், 4கே-க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மெஷ் வாங்கினால் முனைகளுக்கிடையே பேச மட்டும் தனி ரேடியோ உள்ள டிரை-பேண்ட் வகை பாருங்கள். மாடிக்கு ஒரு வயர் கொண்டுபோக முடியுமென்றால் அதன் நுனியில் சாதாரண ஆக்சஸ் பாயின்ட் (வயரில் வருவதை வைஃபையாக்கும் பெட்டி) வைப்பது இரண்டையும்விட நல்லது. வயர் இல்லாமல் ரிப்பீட்டரோ மெஷ் முனையோ வைப்பதானால், சிக்னல் செத்த அறைக்குள் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள். அதற்கே சிக்னல் கிடைக்காவிட்டால் அது எதை நீட்டும்?

கேள்வி: மாலை ஏழு மணிக்குமேல் மட்டும் படம் நிற்கிறது. பகலில் ஒரு குறையும் இல்லை.

பதில்: இரண்டு இடங்களில் தேடுங்கள். கணினியை வயரில் இணைத்து மாலையிலும் பகலிலும் ஒரு வாரம் வேகம் பார்த்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். வயரிலும் மாலையில் விழுகிறது என்றால் அந்தக் குறிப்போடு இணைய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். 'மெதுவாக இருக்கிறது' என்று சொல்வதைவிட எண்களுக்கு மரியாதை அதிகம். வயரில் சரியாக இருந்தால் வீட்டுக்குள் பாருங்கள். எல்லோரும் வீடு திரும்பியதும் கைப்பேசிகள் படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்ற ஆரம்பிக்கும். அப்லோடு நிரம்பிவிட்டால் டவுன்லோடும் தள்ளாடும். காப்புப் பதிவை நள்ளிரவுக்குத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் ரவுட்டரில் கியூஓஎஸ் வசதி (எதற்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தும் செட்டிங்) இருந்தால் போடுங்கள்.

கேள்வி: விலையுயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் பஃபரிங் போய்விடும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. எச்டிஎம்ஐ கேபிளுக்கு வரும்போது வீடியோ உங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்து, திறக்கப்பட்டுவிட்டது. வட்டம் சுற்றுவது அதற்கு முந்தைய கட்டம். கேபிள் பழுதானால் திரை கறுத்துப் போகும், புள்ளிகள் மின்னும், ஒலி விட்டுவிட்டு வரும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்றால் இருக்கும் கேபிளே போதும். என்றாவது புதிது தேவைப்பட்டால், நொடிக்கு 60 ஃபிரேம் 4கே-க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு' சான்று ஒட்டிய கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். தங்க முலாம் பூசியதற்கெல்லாம் கூடுதல் பணம் தர வேண்டாம்.