பழைய டெலிகா கேம்பர் வேன்: கட்டிலைப் பார்க்குமுன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. மெல்பேர்னில் இருக்கிறோம், நான், மனைவி, ஏழு வயது மகள். விடுமுறையில் ஊர் சுற்ற 1997ஆம் ஆண்டு மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டீசல், ஃபோர் வீல் டிரைவ், 2,60,000 கிலோமீட்டர் ஓடியது. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கூரையில் சோலார் எல்லாம் இருக்கின்றன. விற்பவர் டீலர் இல்லை, தனி ஆள். ரோட்வொர்த்தி சான்றிதழும் (சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) தருகிறாராம். சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: வணக்கம் தம்பி. போவதற்கு முன்பே அவரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." போனதும் முதல் வேலையாக இஞ்சின் ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

என் முதல் வேனை வாங்கப் போனபோது இஞ்சின் சூடாகத்தான் இருந்தது. டீசல் போட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன் என்றார், நம்பினேன். மூன்றாவது வாரம் ஹியூம் நெடுஞ்சாலையில் சீமோர் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் விறுவிறுவென ஏறியது. லாரிகள் விர்ரென்று கடக்கும் சாலையோரத்தில் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் நின்றோம். சிலிண்டர் ஹெட்டில், அதாவது இஞ்சினின் மேல் பகுதியில், விரிசல் விழுந்திருந்தது. அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

நீங்கள் சொல்லும் டீசல் வண்டியில் இருப்பது 2.8 லிட்டர் டர்போ இஞ்சின், 4எம்40. நல்ல உழைப்பாளி. ஆனால் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானாலே ஹெட்டில் விரிசல் விழும் ஆபத்து உண்டு. சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், அதாவது கூலன்ட், குறைவதுதான். பின்னால் உட்காருபவர்களுக்கென்று தனி ஹீட்டர் உள்ள வண்டி அது. அதற்குப் போகும் இரும்புக் குழாய்கள் வண்டியின் அடிவயிற்றோடு ஓடுகின்றன. அவை துருப்பிடித்து ஊசித் துளை விழுந்தால் கூலன்ட் சொட்டுச் சொட்டாகக் குறையும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் பழைய பாய் ஒன்றும் டார்ச்சும் கொண்டுபோய், அடியில் படுத்து, அந்தக் குழாய்களை நுனி முதல் நுனி வரை பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ கறை காய்ந்திருந்தால் கசிவு இருக்கிறது.

அப்புறம் இஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் கழுத்துவரை, தெளிவாக இருக்க வேண்டும். துருத் தண்ணீராகவோ, மேலே எண்ணெய் மிதந்தோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்து ஓடவிடும்போது தண்ணீர் ஓயாமல் குமிழி விட்டாலும் அப்படித்தான். மனம் வந்துவிட்டால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, கூலன்ட்டில் இஞ்சின் வாயு கலக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு ஹெட் மாற்றும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பேச்சுவாக்கில் "டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். இந்த இஞ்சினில் பெல்ட்டே கிடையாது, செயின்தான். "போன வருஷம்தான் மாற்றினேன்" என்று பதில் வந்தால் அவர் சொல்லும் மற்ற பராமரிப்புக் கணக்கையும் ரசீது இல்லாமல் ஏற்காதீர்கள்.

ஃபோர் வீல் டிரைவை நின்ற இடத்தில் சோதிக்க முடியாது. சிறிய லீவரில் நான்கு நிலைகள்: 2எச் (இரண்டு சக்கரம்), 4எச் (நான்கு சக்கரம்), 4எச்எல்சி (நான்கும், முன்னும் பின்னும் பூட்டியபடி), 4எல்எல்சி (அதோடு லோ ரேஞ்ச், அதாவது மெதுவான கியர்). 4எச்சில் தார்ச் சாலையிலேயே ஓட்டலாம்; ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் இடிக்காமல், இழுக்காமல் வர வேண்டும். மற்ற இரண்டையும் புல்லிலோ சரளையிலோ மட்டும் போட்டுப் பாருங்கள். டேஷ்போர்டில் முன்சக்கர விளக்குகள் சற்று நேரம் மின்னிவிட்டு நிலையாக எரிய வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் முன் ஆக்சில் இணையவில்லை. அதை இணைக்கும் வேக்குவம் சோலினாய்டு என்ற வால்வில் கோளாறு என்றால் சின்ன வேலை. ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் உள்ள கியர் பெட்டி) எண்ணெய் பால் கலந்த காப்பி போல இருந்தால் வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

கடற்கரை மணலில் ஓடிய வண்டி என்றால் துரு நிச்சயம். கதவு ரப்பரை இழுத்து அடியில் பாருங்கள், கண்ணாடியின் கீழ் விளிம்பு, பின்சக்கர வளைவு ஆகிய இடங்களையும் விடாதீர்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது பொத்தென்று கேட்கும்.

உள்ளே எனக்கு முதல் கவலை உங்கள் மகள் எங்கே உட்காரப் போகிறாள் என்பதுதான். கட்டில் போடுவதற்காக அசல் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் பலகை அடித்து, இடுப்பு பெல்ட்டை போல்ட் போட்டு வைத்திருப்பார்கள். அதில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள், பூஸ்டர் எனும் குழந்தை இருக்கையும் அதில் வைக்க முடியாது. இருக்கையை மாற்றியிருந்தால் விக்டோரியாவில் வாஸ் சான்றிதழ் (வண்டியில் செய்த மாற்றத்தைப் பொறியாளர் பார்த்துத் தரும் சான்று) வேண்டும், அதைக் கேளுங்கள். கேஸ் அடுப்புக்கு உரிமம் பெற்ற கேஸ் ஃபிட்டர் ஒட்டிய தகடு வேண்டும். சோலாருக்காகக் கூரையில் போட்ட துளைகளுக்கு நேர் கீழே உள் பலகையை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் நீர் ஊறியிருக்கிறது.

கேள்வி: ரோட்வொர்த்தி இருக்கும்போது இவ்வளவும் வேண்டுமா?

பதில்: வேண்டும் தம்பி. பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு, துரு என்று சாலைப் பாதுகாப்புக்கு உரியதைத்தான் ரோட்வொர்த்தி பார்க்கிறது. ஹெட் விரிசலோ லோ ரேஞ்ச் கியரோ அதன் கணக்கில் வராது. சான்றிதழின் தேதியையும் பாருங்கள், 30 நாள்தான் செல்லும். டீலர் அல்லாத ஒருவரிடம் வாங்குவதால் சட்டப்படி வாரன்டியும் இல்லை, வாங்கியபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் இல்லை. வண்டியின் மேல் கடன் நிற்கிறதா, திருட்டு வண்டியா என்று அறிய பிபிஎஸ்ஆர் (பொருள்களின் மேலுள்ள கடனைப் பதியும் அரசுப் பதிவேடு) தளத்தில் 2 டாலர் கட்டித் தேடுங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணைப் போடாமல், வண்டியில் பொறித்த அடையாள எண்ணை நீங்களே படித்து, பணம் கொடுக்கும் அன்றைக்கே தேடுங்கள்.