எக்ஸிமா தோலுக்கு மூலிகைத் தைலம்: எப்போது, எது, எப்படி?

கேள்வி: எனக்கு 34 வயது. சிறுவயதிலிருந்தே எக்ஸிமா இருக்கிறது. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் வறண்டு செதில் செதிலாக உரிகிறது. டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு போட்டால் அடங்கும், நிறுத்தினால் சில வாரத்தில் திரும்பிவிடும். தோழி சொன்னாள் என்று நால்பாமராதி தைலம் வாங்கினேன். தினமும் தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறி, வெந்நீரில் மூலிகைப் பொடி போட்டுக் குளித்தேன். பத்தே நாளில் அரிப்பு கூடிவிட்டது. தைலம் எனக்கு ஒத்துக்கொள்ளாதா? என் 5 வயது மகனுக்கும் இப்போது ஆரம்பித்திருக்கிறது. அவனுக்கு எதைத் தடவலாம்?

பதில்: பத்து நாள் அரிப்போடு பொறுத்துப் பார்த்திருக்கிறீர்கள், பாவம். ஆனால் பழியை முழுக்கத் தைலத்தின் மேல் போட மாட்டேன். தேய்த்த எண்ணெயை வெந்நீரும் பொடியும் சேர்ந்து வழித்து எடுத்துவிட்டன. கூடவே தோலில் மிச்சமிருந்த கொஞ்சம் கொழுப்பும் போய்விட்டது. எக்ஸிமா தோலில் அந்தக் கொழுப்பு ஏற்கெனவே குறைவு. பலருக்குப் பரம்பரையாகவே ஃபிலாக்ரின் என்ற புரதமும் போதாமல் இருக்கும். அதனால் உள்ளிருக்கும் ஈரம் கசிந்து வெளியே போகும்; சோப்பு, தூசி, கிருமி எல்லாம் எளிதாக உள்ளே வரும். இப்படிப்பட்ட தோலைக் கொரகொரப்பான பொடியால் தேய்ப்பது, சொறிவதற்குச் சமம்.

எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அது தோலுக்கு ஈரம் கொடுக்காது, இருக்கிற ஈரம் போகாமல் மூடும், அவ்வளவுதான். ஆகவே குளிப்பதற்கு முன்பு தேய்ப்பதை விட்டுவிட்டுக் குளித்த பிறகு தடவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடக் குளியல் போதும். அப்புறம் துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தோலைத் தொட்டால் விரலில் ஈரம் லேசாக ஒட்ட வேண்டும், அதுதான் சரியான நேரம். ஒரு கைக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கைகளில் பரத்திக்கொண்டு, முடி படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாக வழித்து விடுங்கள். சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம். தோல் மிக வறண்டிருந்தால் எண்ணெய் மட்டும் போதாது. வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரை முதலில் தடவி, அதன் மேல் எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள்.

இனி எந்த எண்ணெய் என்ற விஷயம். எல்லோரும் மூலிகையின் பெயரைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அது எந்த எண்ணெயில் காய்ச்சப்பட்டது என்பதை. தோலில் கடைசியில் தங்குவதில் பெரும்பங்கு அந்த அடிப்படை எண்ணெய்தானே! எக்ஸிமாவுக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல அடிப்படை. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். எக்ஸிமா தோலில் அதிகம் பெருகும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை அது ஓரளவு கட்டுப்படுத்தும். நல்லெண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்ளும், எள் அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் தொடக்கூடாது. கடுகு எண்ணெய் எரிச்சல் தரும். ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் அதிகம். அது தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்தும் என்று ஆய்விலேயே தெரிந்திருக்கிறது, அதனால் வேண்டாம்.

மூலிகைகளைப் பொறுத்தவரை, குறைவாக இருப்பதே உங்களுக்கு நல்லது. நால்பாமராதியில் அத்தி, ஆல், அரசு, இத்திப் பட்டைகளோடு மஞ்சளும் சேர்கிறது. நல்ல மருந்துதான், ஆனால் மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமை தரும். ஏலாதி என்ற இன்னொரு தைலத்தில் கோஷ்டம், இலவங்கப்பட்டை உள்ளிட்ட வாசனைச் சரக்குகள் ஏராளம். கோஷ்டம், இலவங்கப்பட்டை இரண்டுமே தோல் அலர்ஜிக்குப் பேர்போனவை. மேலடுக்கு பழுதான தோலில் நான் ஏலாதியில் தொடங்க மாட்டேன். அருகம்புல் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சும் தூர்வாதி கேரம்தான் என் முதல் தேர்வு. லேபிளில் கார்போகரிசி என்ற விதை இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

வீட்டிலேயே காய்ச்சலாமா என்றும் பலர் கேட்பார்கள். பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சாரங்கதரர் சொல்லும் கணக்கு இது: கல்கம் (அரைத்த மூலிகை விழுது) ஒரு பங்கு, எண்ணெய் நான்கு, மூலிகைச் சாறு, கஷாயம் போன்ற திரவம் பதினாறு. அத்தனை திரவமும் வற்ற வேண்டும். பதம் பார்க்க, அடியில் நிற்கும் கல்கத்தில் துளி எடுத்து விரலிடையே உருட்டினால் திரியாகத் திரளும். அதைச் சுடரில் காட்டினால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், அந்த எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகும். வெடித்த தோலில் அதைப் பூசுவது ஆபத்து. இந்தப் பதம் கைக்குப் பழகவில்லையென்றால் காய்ச்ச வேண்டாம்.

எந்தத் தைலமாக இருந்தாலும் முதலில் சோதித்துப் பாருங்கள். முன்கையின் உள்பக்கத்தில், நோயில்லாத இடத்தில் ஒரு காசு அளவுக்கு, தினம் இருவேளை, ஏழு நாள் தடவுங்கள். ஒரே நாளில் சோதனையை முடித்துவிடாதீர்கள். தாமதமாக வரும் ஒவ்வாமை அதில் தெரியாது.

எக்ஸிமாவோடு ஒப்பிடப்படும் நோய்க்கு ஆயுர்வேதத்தில் விசர்ச்சிகை என்று பெயர். பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் அதை அரிப்பும் கருமையும் நிறைய நீர்வடிதலும் உள்ள நோய் என்கிறார். சுஷ்ருதர் வறட்சியையும் தோலில் விழும் கோடுகளையும் சொல்கிறார். ஒரே நோய்க்கு இரண்டு முகங்கள். எண்ணெய் வறண்ட முகத்துக்குத்தான். நீர் வடிந்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ எண்ணெயை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். சிவந்த இடத்தில் டாக்டர் சொன்னபடி அதைப் போட்டு, அரை மணி கழித்து எண்ணெய் தடவலாம். சிவப்பு அடங்கிய பிறகும் எண்ணெயைத் தினமும் தடவி வந்தால், அடுத்த முறை நோய் கிளம்புவது தள்ளிப்போகும். சரக்குகளின் பெயர் எழுதாத ‘மூலிகைக் களிம்பு’ எதையாவது தடவி இரண்டே நாளில் எல்லாம் மறைந்தால், எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அப்படிப்பட்ட களிம்புகளில் ஸ்டீராய்டு ஒளித்துக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

மகனுக்கு மூலிகை எதுவும் இப்போது வேண்டாம். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஒத்துக்கொண்டால் சுத்தமான தேங்காய் எண்ணெய், அவ்வளவு போதும். கற்பூரம் கலந்த தைலம் கூடவே கூடாது, உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். வேப்பெண்ணெயை யார் சொன்னாலும் குடிக்கக் கொடுக்காதீர்கள். குழந்தைகளின் மூளையையே பாதித்திருக்கிறது. கடலை, பாதாம் எண்ணெய்களையும் வெடித்த தோலில் தடவ வேண்டாம், உணவு அலர்ஜிக்கு அது வழி திறந்துவிடக்கூடும். காய்ச்சலோடு, குத்தியெடுத்த மாதிரிச் சின்னச் சின்னப் புண்களோ கொப்புளங்களோ கூட்டமாகக் கிளம்பினால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.