முதல் சொட்டின் நிறம் ஏன் போகவில்லை?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். வயது 36. எம்.எஸ்சி., எம்.பில். முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான செட் தேர்விலும் தேறி, பிஎச்.டி.யைப் பகுதி நேரமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் 21 ஆயிரம். காலையில் முதல் ஹவருக்குப் போனால் பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேருக்கு டெஸ்க்குக்கு அடியில் போன். 'டவுட் இருக்கா?' என்று கேட்டால் ஒருவர் வாய் திறப்பதில்லை. லேபில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற டைட்ரேஷன் வேல்யூ எல்லாம் சீனியர் ரெக்கார்டிலிருந்து காப்பி. கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வரப்போகிறது என்று ராத்திரி பத்து மணிக்கும் ஃபைல் வேலை. கோடை விடுமுறையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு தேடிப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும், ஆளுக்கு இத்தனை என்று டார்கெட். 'காலேஜ் டீச்சர்னா மூணரைக்கு வீட்டுக்கு வந்துருவான்னு சொல்லித்தானே கட்டிவச்சாங்க' என்கிறார் மாமியார். போன வாரம் லேபில் ஒரு பெண், 'மேம், முதல் சொட்டு விட்டப்ப கலர் போகவே இல்ல. அப்புறம் விட்டதெல்லாம் டக்குனு போயிருச்சே, ஏன்?' என்று கேட்டாள். அதற்குக்கூட நின்று பதில் சொல்ல முடியாமல் மீட்டிங்குக்கு ஓடினேன். நான் டீச்சரா, கிளார்க்கா? வேலையை விட்டுவிட்டு பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஃபைலைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணின் கேள்வியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்குக் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அது ஆக்ஸாலிக் அமிலம், பெர்மாங்கனேட் டைட்ரேஷனாகத்தான் இருக்க வேண்டும். நானும் அந்த லேபில் பல வருடம் நின்றவள்தான். கோனிகல் பிளாஸ்க்கில் ஆக்ஸாலிக் அமிலம், நீர்த்த கந்தக அமிலம், கை பொறுக்காத சூடு. பியூரெட்டிலிருந்து முதல் சொட்டு விழுந்ததும் ரோஸ் நிறம் அப்படியே நிற்கும். பிள்ளைகள் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பார்கள். வினை முடிந்துவிட்டதென்று நினைத்து, 'எண்ட் பாயின்ட் வந்திருச்சு மேம்' என்று ஒருவன் சத்தம்கூடப் போடுவான். கொஞ்ச நேரம் கழித்து நிறம் வெளுக்கும். அதற்குப் பிறகு விழுகிற சொட்டெல்லாம் விழுந்த இடத்திலேயே மறையும். வினையில் உண்டாகிற மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகிவிடுகிறது. முதல் சொட்டு விழும்போது அது இல்லை. அடுத்தடுத்த சொட்டுக்கு இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா! ஆட்டோ கேட்டலிசிஸ் என்று இரண்டு மார்க் கேள்வியாக வருடா வருடம் வருவதுதான். 'உதாரணம் தருக' என்றால் இதே ஆக்ஸாலிக் அமிலத்தையும் பெர்மாங்கனேட்டையும் எழுதி மார்க்கும் வாங்கிவிடுவார்கள். எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தன் கையில் இருந்த பிளாஸ்க்கில் நடந்தது என்று தெரியும்? உங்கள் மாணவி பாடத்தைப் படிக்காமலேயே கண்ணால் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறாள்.

நாக் குழுவுக்காக ஒவ்வொரு கேள்வித்தாளிலும் கே1, கே2 என்று போட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அதெல்லாம் 1956-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் குழு வகுத்த கற்றல் படிநிலையின் வழி வந்தவை. நினைவில் வைப்பது கே1, அலசிப் பார்ப்பது கே4. அறுபது பேர் வகுப்பில் கே4-க்கு ஆதாரம் தேடி நீங்கள் ஃபைலைப் புரட்டுகிறீர்கள். அது ரெக்கார்டு நோட்டோடு உங்கள் எதிரில் வந்து நின்றிருக்கிறது.

பதில் சொல்லாமல் போனதற்காக வருத்தப்படாதீர்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடித்துவிட்டு ஓடியிருப்பீர்கள். அடுத்த லேபில் அவளைக் கூப்பிடுங்கள். விளக்கம் வேண்டாம். ஒரே அளவு அமிலம், ஒரே சூட்டில் இரண்டு பிளாஸ்க். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை மாங்கனீஸ் சல்பேட். உப்புப் பகுப்பாய்வுக்காக வாங்கி வைத்தது உங்கள் அலமாரியிலேயே இருக்கும். இரண்டிலும் அவளையே முதல் சொட்டு விடச் சொல்லுங்கள். உப்புப் போட்ட பிளாஸ்க்கில் நிறம் உடனே போகும், மற்றதில் தயங்கும். காரணத்தை அவளே சொல்லட்டும். பத்து நிமிஷ வேலை. பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் கூப்பிடாமலே எட்டிப்பார்ப்பார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம்.

இனி அந்தக் காப்பி விவகாரம். மூன்று ரீடிங்கும் அச்சடித்தது போல் 19.8, 19.8, 19.8 என்று இருக்கும். பியூரெட்டைத் திறப்பதற்கு முன்பே நோட்டில் ஏறியிருக்கும். பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒத்துப்போகாத ரீடிங் வந்தால் நாம்தான் மார்க்கைக் குறைக்கிறோம். எக்ஸ்டர்னல் வந்து என்ன சொல்வாரோ என்று நாமே பயந்து, 'சரியான வேல்யூ' எது என்று ஜாடை காட்டுகிறோம். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நிஜ ரீடிங்கை எழுதுமா? இரண்டு மாற்றம் செய்து பாருங்கள். பெஞ்சுக்கு பெஞ்ச் கரைசலின் செறிவை மாற்றிக் கொடுங்கள். சீனியர் நோட்டுக்கு வேலையே இருக்காது. லேப் அட்டெண்டர் முதலில் முணுமுணுப்பார், நான்கு பாட்டிலில் நம்பர் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுவார். அடுத்து, வழக்கமான வகுப்புகளில் ரீடிங் ஒத்துப்போகாவிட்டால் மார்க் போகாது, காரணம் எழுதினால் போதும் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். 'நிறம் அடர்த்தியாக இருந்ததால் மேல் விளிம்பைப் பார்க்க மறந்துவிட்டேன்', 'அமிலம் குறைவாகச் சேர்த்ததால் பழுப்பு நிறம் வந்துவிட்டது' என்று ஒரு பையன் எழுதிவிட்டால், அந்தப் பக்கத்தில் நீங்கள் போடுகிற சிவப்பு டிக் மற்ற டிக்குகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

பாஸ் பர்சென்டேஜ், ஆசிரியர் தினத்தன்று தருகிற பேனா, 'பெஸ்ட் ஃபேகல்ட்டி' சான்றிதழ் இவற்றையெல்லாம் வெற்றி என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவற்றில் பாதி பல்கலைக்கழகக் கேள்வித்தாளின் கையிலும் மீதி நிர்வாகத்தின் கையிலும் இருக்கிறது. 19.8 வர வேண்டிய இடத்தில் 18.7 என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் எழுதினால், அது உங்கள் கையால் நடந்தது. உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியது அதை.

வகுப்பில் அமைதியாக இருக்கிறார்கள் என்கிறீர்கள். தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்காரர்களில் கல்லூரிச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்றது அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. அது 2021-22 நிலவரம், நாட்டின் சராசரி 28-ஐச் சுற்றித்தான். அந்த 47-க்குள், வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஏராளம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் சாயங்காலம் ஜவுளிக்கடைக்கும் அச்சகத்துக்கும் கேட்டரிங் வேலைக்கும் போய்விட்டு நடுராத்திரியில் படுப்பவர்கள். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு, 'எனி டவுட்ஸ்?' என்கிற கேள்விக்கு ஆங்கிலத்தில் எழுந்து நின்று, அதுவும் பெண்கள் பக்கம் பையன்களும் பையன்கள் பக்கம் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாய் திறப்பது சாதாரணக் காரியமா? லேபில் அந்தப் பெண் தமிழில்தான் கேட்டிருக்கிறாள், அதுவும் உங்கள் காதருகில் வந்து.

வகுப்பு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, புரியாத ஒன்றைத் தமிழில், பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் 'எல்லாம் புரிந்தது' என்றும் 'ஃபேன் ஓடல மேம்' என்றும் வரும். ஃபேனைச் சரிபண்ண வையுங்கள்; அதற்கப்புறம்தான் பாடத்தைப் பற்றிய கேள்வி வரும். வந்தவற்றில் இரண்டை எடுத்து மறுநாள் வகுப்பை ஆரம்பியுங்கள். தூங்குகிறவர்களை எழுப்பி நிற்கவைப்பதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. நின்றுகொண்டும் தூங்குவான்.

ஃபைல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாக் 1994-இல் வந்தது. அதற்கு முன்பும் கல்லூரிகளில் வெட்டி ரெஜிஸ்டர்கள் இருந்தன, இனியும் இருக்கும். இருபது நிமிஷக் கருத்தரங்குக்கு முக்கால் மணி நேரம் ஜியோ டேக் போட்டோ எடுக்கிற கூத்து எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிறது, உங்களுக்கு மட்டுமான சாபம் இல்லை. ஆனால் ராத்திரி பத்து மணிவரை உட்காருவதற்குப் பாதிக் காரணம் நீங்களாகவும் இருக்கலாம். எல்லா ஃபைலையும் தேர்வு எழுதுகிற மாணவி மாதிரி அழகாக முடிக்கப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது. நாக் மதிப்பீட்டின் ஏழு கிரைட்டீரியனில் உங்களுக்குக் கொடுத்தது எது, எந்தத் தேதிக்குள், எந்த ஃபார்மட் என்று ஹெச்.ஓ.டி.யிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நாளைக்கு மாறும். வாரத்தில் இரண்டு ஃப்ரீ ஹவரை அதற்கென்று ஒதுக்கி, அதற்குள் முடிகிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள். கிளார்க் வேலையைக் கிளார்க் வேலையாகவே செய்தால் அது இவ்வளவு வலிக்காது. மிச்ச நேரத்தில் லேபுக்குப் போங்கள்.

அட்மிஷன் டார்கெட் வேறு ரகம். அது அநியாயம்தான், அதைச் சமாளித்துப் பழகுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தனியாக எதிர்த்து நின்று பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டிபார்ட்மெண்ட் முழுவதும் சேர்ந்து, 'பள்ளிகளுக்குப் போய்ப் பாடப்பிரிவுகளைப் பற்றிப் பேசுகிறோம், ஆள் எண்ணிக்கைக்கும் சம்பளத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்' என்று முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பொய் சொல்லாதீர்கள். 'ஹண்ட்ரட் பர்சென்ட் பிளேஸ்மென்ட்' நோட்டீஸை உங்கள் கையால் நீட்டாமல், கெமிஸ்ட்ரி படித்தால் என்னென்ன செய்யலாம் என்று மட்டும் பேசிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலகத்தில் இருக்கின்றனவா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. இருந்தால், வேறு எந்த முடிவுக்கும் முன்னால் அவற்றைத் திரும்ப வாங்குங்கள். செட் சான்றிதழில் பெயர்த் திருத்தம், பல்கலைக்கழகச் சரிபார்ப்பு என்று எந்த வேலையிருந்தாலும் அதை முன்னிட்டுக் கேளுங்கள். கொடுத்தபின் நகல் மட்டும் அங்கே இருக்கட்டும். வேலையை விடுவதும் இருப்பதும் அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே உங்கள் முடிவாக இருக்கும்.

பேங்க் எக்ஸாம் வேண்டாம். வேலை பிடிக்குமா என்பது இருக்கட்டும், உங்கள் வயதுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. பொதுப்பிரிவில் கிளார்க் தேர்வுக்கு 28, அதிகாரி தேர்வுக்கு 30. இனவாரிச் சலுகைகளைச் சேர்த்தாலும் 36 தேறாது. கோச்சிங் சென்டர்காரர்கள் பணம் கட்டும்வரை இதைச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்குத் திறந்திருப்பது அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் தேர்வு. செட் கையில் இருக்கிறது, வயதும் தடையில்லை. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 இடங்களுக்கு அறிவித்தபோது பலரும் கைவேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தார்கள். அறிவிப்பு வந்த வேகத்தில் தேர்வு வரவில்லை. அதனால் படியுங்கள், ஆனால் அதை நம்பி இருக்கிற 21 ஆயிரத்தை விடாதீர்கள்.

பிஎச்.டி.யை 'இழுத்துக்கொண்டிருக்கிறேன்' என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது. எம்.பில். படிப்பையே யுஜிசி 2022-இல் நிறுத்திவிட்டது. நீங்கள் முன்பே வாங்கிய பட்டம் செல்லும், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வேறு நல்ல கல்லூரிக்கு மாறுவது வரவரக் கடினம். இந்த செமஸ்டருக்குள் ஒரு அத்தியாயத்தை எழுதிக் கைடிடம் கொடுங்கள். பதிவுக் காலம் எப்போது முடிகிறது, நீட்டிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பல்கலைக்கழகத்தில் கேட்டு டைரியில் குறியுங்கள். மாமியாரிடமும் இதையே சொல்லுங்கள்: 'ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை காலைல என்னை விட்டுருங்க அத்தை, முடிச்சிர்றேன்.' மூணரை மணிக் கணக்குப் பேசுகிறவருக்கு, முடியும் தேதி சொன்னால் பாதிக் கோபம் இறங்கும். உங்கள் வீட்டுக்காரரும் அந்தக் காலைகளில் அடுப்படிப் பக்கம் போகட்டும்.

கைடு போனை எடுப்பதில்லை என்றால் நேரில் போய்விடுங்கள். விடுமுறை நாளில் போனால் அங்கே ஆள் இருக்க மாட்டார்கள். வேலை நாளில் ஒரு சி.எல். போட்டுப் போங்கள். நாக் வேலை கிடக்கிறதே என்று ஹெச்.ஓ.டி. முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.