வைட்ஹார்ஸுக்கு வரலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகான் பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் வாசித்து வருகிறேன். நாங்கள் டொரண்டோவை ஒட்டிய பிராம்டனில் இருக்கிறோம். எனக்கு யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸில் ஒரு வேலை அமையும் போலிருக்கிறது. மலை, ஆறு, காடு என்றால் எனக்கு உயிர். கணவர்தான் தயங்குகிறார். மைனஸ் நாற்பதில் ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிறார். அங்கே உண்மையிலேயே சந்தோஷமாக வாழ முடியுமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். நானும் மனைவியும் பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் முதல் குளிர்காலம் மிகவும் கஷ்டமாக இருந்தது.

உங்கள் கணவர் குளிரைக் கேட்கிறார். மைனஸ் நாற்பது எல்லா வருடமும் வராது, வந்தாலும் சில நாட்கள்தான். ஜனவரியின் சராசரி மைனஸ் 15 அளவில் இருக்கும். எங்களை வாட்டியது இருட்டு. டிசம்பர் 21 அன்று காலை பதினொன்றுக்கு மேல்தான் சூரியன் எழும், மாலை ஐந்துக்குள் விழுந்துவிடும். யூகான் 2020-இல் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தை விட்டு, கோடை நேரத்திலேயே நின்றுவிட்டதால் உச்சிப்பொழுதே பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். அந்த முதல் குளிர்காலத்தில் இருட்டில் வேலைக்குப் போனோம், இருட்டில் திரும்பினோம், சனி ஞாயிறு திரையை இழுத்துவிட்டு உள்ளேயே கிடந்தோம். ஜனவரியில் இருவருக்கும் எதற்கெடுத்தாலும் எரிச்சல். திரும்பிப் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தோம்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு ஜோடி பழைய ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கொண்டுவந்து வாசலில் சாத்திவைத்தார். சனிக்கிழமை மதியம் மவுன்ட் மெக்கின்டயருக்குக் கூட்டிப்போனார். 2007 கனடா குளிர்கால விளையாட்டுகளை நடத்திய ஊர் இது, ஊரை ஒட்டியே அருமையான ஸ்கீ தடங்கள் இருக்கின்றன. அன்று விழுந்து எழுந்ததுதான் அதிகம். ஆனால் தாழ்ந்த வெயில் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே படுத்த மாதிரி விழுந்து, பனி முழுக்க இளஞ்சிவப்பாகக் கிடந்தது. இரண்டு மாதமாக இது தினமும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறது, நாங்கள் பார்க்கவே இல்லை! அன்றிரவு நன்றாகத் தூங்கினோம். அதிலிருந்து எந்த வேலை இருந்தாலும் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது வெளியே போய்விடுகிறோம். நீங்கள் வந்தால் முதல் வாரத்திலிருந்தே இதைச் செய்யுங்கள்.

உடுப்பில் ஒரு விஷயம். உடம்போடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையைப் பிடித்துக்கொண்டு உங்களைக் குளிரவைத்துவிடும். கம்பளி போடுங்கள். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் பிறகு வியர்க்காது. பிள்ளைக்கு விரல் பிரிந்த கையுறை வேண்டாம், விரல்கள் சேர்ந்திருப்பதே சூடு. காருக்கு எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கடுங்குளிரில் இரவில் மின்சாரத்தில் செருகிவைக்க வேண்டும்.

சரி, கஷ்டங்களும் உண்டு. மளிகைச் சாமான் பெரும்பாலும் 1942-இல் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக லாரியில் வருகிறது. 2012 ஜூனில் வெள்ளம் சாலையை அரித்தபோது கடை அலமாரிகள் காலியாகிவிட்டன. அரிசி, பருப்பை எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். சில சிறப்பு மருத்துவர்களைப் பார்க்க வான்கூவருக்குப் பறக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது தொடர் சிகிச்சை தேவையென்றால் இதை நன்றாக விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். தொடர்ந்து ஆறு மாதம் வசித்தால் வரிக்குரிய வருமானத்தில் வடக்குவாசிகளுக்கான கழிவு கிடைக்கும்: நாளுக்கு 11 டாலர், வீட்டில் நீங்கள் ஒருவரே கோரினால் 22. உதவிதான், ஆனால் இதை நம்பி யாரும் வர வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். இது க்வான்லின் டன், தாஆன் குவாச்சான் என்னும் பூர்வகுடி மக்களின் மண். நாம் ஆசையாக நடக்கும் தடங்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்திருக்கிறார்கள். எந்த நிலம் யாருடையது என்று கேட்டறிந்து நடப்பது நம் கடமை.

வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் கணவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வாருங்கள். ஜூனில் வேண்டாம். அப்போது இரவு பதினொன்றரை வரை வெயில் இருக்கும், யாருக்கும் பிடித்துவிடும். ஜனவரியில் வாருங்கள். அந்தப் பழைய ஸ்கீ இரண்டு ஜோடியும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. பிள்ளைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணா