பந்தயப் பாய்ப்படகு வடிவமைப்பு: புதிதாக வருபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், ரேஸிங் யாட்ச் வடிவமைக்கும் அலுவலகத்தில் சேரப் போகிறேன். முதலில் என்ன வேலை தருவார்கள்?

பதில்: பெரும்பாலும் எடைக்கணக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் எடை, முன்பின் இடம், உயரம் மூன்றையும் அட்டவணையில் ஏற்ற வேண்டும். சலித்துக்கொள்ளாதீர்கள், படகை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வேலை இல்லை. படகின் ஈர்ப்பு மையத்துக்கு 18 மீட்டர் மேலே, பாய்மர உச்சியில் 1 கிலோ கூடுகிறது என்று வையுங்கள். மையம் மேலேறாமல் இருக்க, அதற்கு 3 மீட்டர் கீழே, கீலின் (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் தகடு) நுனியிலுள்ள குண்டில் 6 கிலோ ஈயம் சேர்க்க வேண்டும். ஆக, படகின் எடை 7 கிலோ ஏறிவிடும். பசை, பெயின்ட், வயர், போல்ட் இவைதான் கணக்கில் விடுபடும். பட்டறைக்குப் போய்த் தராசில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எடையை எதுவரை குறைக்கலாம்?

பதில்: சுமை போகும் பாதையில் கை வைக்காதவரை. கீலின் வேர், சுக்கான் தண்டு, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் உடலில் சேரும் இடம் மூன்றையும் முதலில் கணக்கிடுங்கள். 1995 மார்ச்சில் சான் டியாகோ கடலில் ‘ஒன்ஆஸ்திரேலியா’ என்ற பாய்ப்படகு பந்தயத்தின் நடுவிலேயே உடைந்து சில நிமிடங்களில் மூழ்கியது.

கேள்வி: கார்பன் இழைத் தளத்தில் வின்ச் (கயிற்றை இழுக்கும் உருளை) போல்ட்டை முடுக்கினால் தளம் அமுங்குகிறது. ஏன்?

பதில்: மேலும் கீழும் உள்ள கார்பன் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ஃபோம் நசுங்குகிறது. பிறகு போல்ட் தளரும், நீர் இறங்கும். போல்ட் வரும் பகுதியில் ஃபோமை எடுத்துவிட்டு முழு லேமினேட் (பிசினால் ஒட்டிய இழை அடுக்குகள்) அடுக்குங்கள். ஃபோம் முடியும் விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டும், செங்குத்தாக விட்டால் மேலடுக்கு அங்கேதான் விரிசல் விடும். அடியில் அகலமான தட்டு வையுங்கள். அலுமினியத் தட்டு என்றால் கார்பனுக்கும் அதற்கும் நடுவே கண்ணாடி இழை அடுக்கு கட்டாயம். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும்.

கேள்வி: ப்ரீப்ரெக் (முன்பே பிசின் ஊறவைத்த இழைத் துணி) பலகையில் குமிழ் வருகிறது அண்ணா.

பதில்: மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே உறையைப் பிரித்திருப்பீர்கள். குளிர்ந்த துணியில் காற்றின் ஈரம் படிந்து, சூடேற்றும்போது ஆவியாகிறது. உறையோடு அறை வெப்பத்துக்கு வரட்டும், பெரிய சுருளுக்கு ஓர் இரவு வேண்டும். சில அடுக்குகளுக்கு ஒருமுறை மேலே பை மூடி, பம்ப்பால் காற்றை உறிஞ்சி (வேக்யூம்) அழுத்துங்கள். அடுப்பில் ஏற்றும் முன் பம்ப்பை மூடிவிட்டு வேக்யூம் மீட்டர் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் பையில் கசிவு, அடைக்காமல் சூடேற்றாதீர்கள்.