கறை ஓரிடம், கசிவு வேறிடம்

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 22 வயது. காலையில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறை இருக்கிறது. கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) பின்பக்கத்தில் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீல் போய்விட்டதால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அவசரப்பட வேண்டாம். மேலே கசியும் எண்ணெய் இன்ஜினின் மேற்பரப்பில் வழிந்து இறங்குவதாலும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளுவதாலும், அது சொட்டும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. முதலில் சொட்டைத் தொட்டுப் பாருங்கள்: கறுத்திருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில், கெட்டியாகவும் கந்தக நெடியுடனும் இருந்தால் கியர் ஆயில்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பழைய பிசுக்கு முழுவதையும் துடைத்து உலரவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டியபின், டார்ச் விளக்குடன் மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ஈரம் தெரியும் மிக உயரமான இடத்தில்தான் சந்தேகம் தொடங்க வேண்டும். வெப்பத்தில் இறுகிப்போன டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச் (எண்ணெய் அழுத்தத்தை உணரும் சிறு பாகம்), ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் கியர்பாக்ஸில் கைவைப்பது வீண்செலவு. சூடான புகைக்குழாயின் (எக்ஸாஸ்ட்) மேல் எண்ணெய் வழிந்திருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள், தீப்பிடிக்கலாம்.

பலர் மறப்பது, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய். அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் கூடி, புதிய சீலும் கசியும்.