வான் வண்டியின் கூரையில் படியும் வெள்ளைத் திட்டுகள்

உங்கள் வான் வண்டியின் கூரையைக் குழாய்க்கிணற்று நீரால் கழுவிய பின் தோன்றுவதாக நீங்கள் எழுதிய வெள்ளைத் திட்டுகள், பெரும்பாலும் பெயின்ட் பழுதல்ல, உப்புப் படிவே. வன்னியில் பல கிணறுகளின் நீர் கடினமானது. சூடான தகட்டில் அது ஆவியானதும் அதிலுள்ள கல்சியம் தங்கிவிடுகிறது.

வெள்ளை வினாகிரியைச் சம அளவு நீரில் கலந்து, துணியில் நனைத்து, ஒரு திட்டின் மீது ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துப் பாருங்கள். கரைந்தால் உப்புத்தான், உடனே நன்றாக அலசிவிடுங்கள். சற்றும் அசையாவிட்டால் மேற்பூச்சே வெயிலில் வெளுத்திருக்கக்கூடும். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

இனிமேல் வானை நிழலில் நிறுத்திக் கூரை ஆறிய பின், முதலில் நீரைப் பாய்ச்சிக் கிறவல் தூசியை ஓடவிட்டு, அதன் பிறகே நீண்ட பிடியுள்ள மென்மையான தூரிகையால் சவர்க்கார நீரைத் தேயுங்கள். தூசியோடு தேய்த்தால் கீறல் நிச்சயம். கூரையின் ஒரு பாதியைக் கழுவி, அலசி, ஈரம் காயுமுன் துணியால் ஒற்றி எடுத்த பின்னரே மறுபாதிக்குச் செல்லுங்கள். மாரியில் சேமித்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதுவே மிகச் சிறந்தது.

கூரையின் மீது ஏற வேண்டாம். தகடு நெளியும், ஈரத்தில் காலும் வழுக்கும். உறுதியான தரையில் விரிக்கும் ஏணியைப் பயன்படுத்துங்கள். தூரிகையின் பிடி உலோகமானால், மேலே மின்கம்பி செல்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.